கையில் இல்லாத ஆயுதம்: அவுஸ்திரேலியப் பாதுகாப்பு அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

பாதுகாப்பு அமைச்சர் அவர்களுக்கு,

2024 செப்டெம்பர் 12 அன்று நாடாளுமன்றத்தில் நீங்கள் பேசியதைக் கேட்டேன். ஆப்கானிஸ்தானில் எங்கள் சிறப்புப் படையினர் செய்தவை பற்றிய பிரெரெட்டன் அறிக்கையின் விடயத்தில் அரசு செய்யவேண்டியவை அநேகமாக முடிந்துவிட்டன என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். சில கட்டளை அதிகாரிகளின் பதக்கங்கள் திரும்பப் பெறப்படும் என்றீர்கள். அன்றிரவு தொலைக்காட்சியில் பதக்கத்தைப் பற்றியே கதைத்தார்கள். பறித்தது போதுமா, பறித்திருக்கத்தான் வேண்டுமா என்று இரண்டு பக்கமும் சண்டை. அந்த அறிக்கை சொல்கிறபடி சட்டவிரோதமாகக் கொல்லப்பட்ட 39 ஆப்கானியருடைய வீடுகளைப் பற்றி, நான் பார்த்த அளவில், யாரும் வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து இந்த மடல் என் தலைக்குள் இருக்கிறது. இப்போதுதான் எழுத வாய்த்தது.

தமிழில் எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது கடினம் இல்லை. படகில் வந்த எங்கள் ஆட்களை மணிக்கணக்காக விசாரித்தபோது கிடைத்தார்கள்தானே. ஆனால் இதை நீங்கள் மட்டும் வாசித்தால் போதாது. சிட்னியிலும் மெல்பேர்னிலும் இருக்கிற எங்கள் சனமும் வாசிக்கவேண்டும். நாங்களும் இங்கே வரி கட்டுகிறோம். ஆப்கானிஸ்தானின் உருஸ்கான் மாகாணத்துக்குப் போன துவக்குகளில் எங்கள் காசும் இருந்தது.

தேடுதல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இலங்கையின் வடக்கே ஒரு கிராமத்தில் பிறந்து, பதினேழு வயதுவரை அங்கே வளர்ந்தவள். எங்கள் ஊரை ஆமி சுற்றிவளைத்த நாட்களுக்கு என்னிடம் கணக்கு இல்லை. எந்த நாட்டு ஆமி என்று இங்கே எழுதவில்லை. எங்கள் ஊர் ஒன்றுக்கு மேற்பட்ட இராணுவங்களைக் கண்டது. கதவைத் தட்டுகிற விதத்தில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

விடியப்புறம் நாய்கள் குலைக்கும். முதலில் ஒழுங்கையின் அந்தப் பக்கத்து நாய், அப்புறம் எங்கள் பக்கம். அம்மம்மா எழுந்து, விளக்கைக் கொளுத்தாமல், எல்லோருடைய அடையாள அட்டைகளையும் எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொள்வார். ஆண்கள் எல்லோரும் கோயில் வீதிக்கு வரவேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். பதினைந்து வயதுப் பெடியனும் ஆண்தான், எழுபது வயதுக் கிழவனும் ஆண்தான். வெயிலில் இருத்தி, ஒவ்வொருவராக ஒரு ஜீப்புக்கு முன்னால் நடக்கவிடுவார்கள். உள்ளே சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் இருப்பான். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தலையாட்டி என்போம். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் தனி வரிசை. அடி தாங்காமல் ஆட்டினானா, பழைய வேலிச் சண்டையை நினைத்து ஆட்டினானா, கழுத்து உளைந்து ஆட்டினானா என்பது அவனுக்குத்தான் வெளிச்சம்.

ஆண்கள் அங்கே இருக்க, பெண்களும் பிள்ளைகளும் இருக்கிற வீடுகளுக்குள் ஆயுதம் தேடுவார்கள். அலுமாரி, அரிசிப்பானை, கோழிக்கூடு, விறகு அடுக்கு, கிணறு. நெல் மூட்டையைக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். கிணற்றடியில் புதிதாகக் கிளறின மண் கண்ணில் பட்டால் கிண்டச் சொல்வார்கள். அம்மம்மா முதல் நாள் வாழைக்குட்டி நட்ட பாவத்துக்கு நாங்கள் ஒருமுறை பின்னேரம்வரை கிண்டியிருக்கிறோம்.

அது பற்றரி கிடைக்காத காலம். சைக்கிள் டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிக்குக் கொழுவி, ஒருவர் பெடலை மிதிக்க மற்றவர்கள் செய்தி கேட்போம். ஒருநாள் தேடுதலில் ஒரு சிப்பாய் அந்த வயரைத் தூக்கிப் பிடித்து, இது யாருடையது என்று கேட்டான். என் மகனுடையது என்றார் அம்மம்மா. உண்மையைத்தான் சொன்னார். மாமா சைக்கிள் திருத்துகிறவர்.

அன்று கோயில் வீதியில் தனி வரிசைக்குப் போன நாலு பேரில் மாமாவும் ஒருவர். வயர் காரணமா தலையாட்டி காரணமா என்று கடைசிவரை தெரியவில்லை. சாரமும் ஒரு பழைய சேர்ட்டுமாக, வெறுங்காலோடு, அவரை ஏற்றிக்கொண்டு போனதை ஊர் முழுக்கப் பார்த்தது. கையில் ஒன்றும் இல்லை. கை பின்னால் கட்டியிருந்தது.

ஐந்தாம் நாள் உடலை எடுக்க வரச் சொன்னார்கள். அம்மம்மாவோடு நான் போனேன். எனக்குப் பன்னிரண்டு வயது. இங்கிலிஷை எழுத்துக்கூட்டி வாசிப்பேன் என்பதால் கூட்டிக்கொண்டு போனார். மேசையில் ஒரு கடதாசி. தட்டச்சில் இரண்டு மூன்று வரிகள். பெயர், வயது, தப்பியோட முயன்றபோது சுடப்பட்டது, கைக்குண்டு ஒன்று கைப்பற்றப்பட்டது. கீழே உறவினர் கையெழுத்துக்குப் புள்ளிக்கோடு. கிரனேட் என்ற சொல்லை வாசிக்க எனக்கு மூன்று தரம் எடுத்தது.

"என்ன பிள்ளை எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"மாமாவின்ர பேரும் வயசும்தான் அம்மம்மா."

அவர் கையெழுத்து வைத்தார். உடலைத் தந்தார்கள். உள்ளதைச் சொல்லியிருந்தால் அவர் வைத்திருக்கமாட்டார். என் அம்மம்மாவை எனக்குத் தெரியும். வைக்காவிட்டால் உடல் வந்திராது. பன்னிரண்டு வயதில் நான் போட்ட கணக்கு அது. அவர் சாகும்வரை சொல்லவில்லை. இன்றைக்கும் எங்கோ ஓர் அலுமாரியில், கறையான் தின்றிராவிட்டால், என் மாமா கைக்குண்டோடு ஓடியவராகத்தான் இருக்கிறார். அவரைப் பெற்றவள் அதற்குக் கீழே ஒப்பமிட்டிருக்கிறாள்.

சரி, இதற்கும் உங்கள் அமைச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள்.

2020 நவம்பர் 19 அன்று உங்கள் பாதுகாப்புப் படைத் தளபதி பிரெரெட்டன் அறிக்கையை வெளியிட்டு, ஆப்கான் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அறிக்கையை எழுதியவர் சும்மா ஆள் இல்லை. நியூ சவுத் வேல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி, இராணுவத்திலும் மேஜர் ஜெனரல். நான்கு ஆண்டுகள், 423 சாட்சிகள், 20,000-க்கு மேற்பட்ட ஆவணங்கள், 25,000-க்கு மேற்பட்ட படங்கள். 23 சம்பவங்களில் 39 பேர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டதற்கு நம்பத்தகுந்த தகவல் இருக்கிறது, அதில் 25 படையினருக்குப் பங்கு இருக்கிறது, அவற்றில் ஒன்றுகூடச் சண்டையின் சூட்டில் தடுமாறி நடந்தது அல்ல என்று அவர் எழுதினார். வேலை முடிந்து வந்து, பாதிப் பக்கங்களில் கறுப்பு மை பூசியிருந்த அந்த அறிக்கையைச் சில இரவுகளாக வாசித்தேன்.

ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். த்ரோடவுன். ஆளைக் கொன்றபின் உடலுக்குப் பக்கத்தில் போட்டுப் படம் எடுப்பதற்காக முன்கூட்டியே பையில் கொண்டுபோகிற சாமானுக்கு உங்கள் படையினர் வைத்த பெயர். கைத்துப்பாக்கி, தோட்டாக்கூடு, கைக்குண்டு, சின்ன வானொலிக் கருவி. என் அம்மம்மா ஒப்பமிட்ட கடதாசியில் இருந்த கைக்குண்டுக்கு இங்கிலிஷில் ஒரு பெயர் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அந்தப் பழக்கம் எப்படித் தொடங்கியிருக்கும் என்றும் பிரெரெட்டன் சொல்கிறார். முறைப்படி சுடப்பட்ட ஒருவரிடம் பிறகு பார்த்தால் ஆயுதம் இல்லை. அப்போது வரக்கூடிய கேள்விகளைத் தவிர்ப்பதற்காகத் தொடங்கி, போகப்போக வேண்டுமென்றே செய்த கொலைகளை மறைக்க உதவியிருக்கிறது. எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய விடயமாகப் படுகிறது. ஆயுதம் தேடப் போகிறவன் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று ஒரு படை தனக்குள் முடிவெடுத்துவிட்டால், அப்புறம் வீட்டில் என்ன இருக்கிறது என்பது முக்கியமே இல்லை. அரிசிப்பானைக்குள் அரிசி மட்டும் இருந்தாலும் பயன் இல்லை. அவர்கள் பையில் இருப்பதுதான் கடைசியில் படத்தில் இருக்கும்.

அறிக்கையோடு சமந்தா குரொம்ப்வூட்ஸ் என்ற சமூகவியலாளரின் ஆய்வும் பேசப்பட்டது. சிறப்புப் படையைச் சேர்ந்தவர்களே அவரிடம் சொன்ன கதைகள் அதில் இருக்கின்றன. அவை நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டவை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். கிராமத்துக்குப் பக்கத்தில் ஹெலிகொப்டர் இறங்கும், ஆட்கள் ஓடுவார்கள், ஓடுகிறவர்களை முதுகில் சுடுவார்கள், ஒளித்துவைத்த ஆயுதங்களை எடுக்க ஓடினார்கள் என்று அப்புறம் எழுதிக்கொள்வார்கள். பிறகு ஊரைச் சுற்றிவளைத்து, ஆண்களையும் பெடியன்களையும் ஊரோரத்தில் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிவைப்பார்கள். படை போனபின் அங்கே பிணங்கள் இருக்கும். இதற்குக் கிளியரன்ஸ் என்று பெயராம். முற்றம் கூட்டுவதற்குச் சொல்கிற மாதிரி.

ஹெலிகொப்டர் வயலில் இறங்கினால் யார்தான் ஓடமாட்டார்கள்? எங்கள் ஊரில் ஆடு மாடுகூட ஓடும்.

இதை எழுதும்போது, மறுபக்கத்தையும் நான் மறைக்கக் கூடாது. உருஸ்கானில் தலிபான்கள் இருந்தார்கள். பாதையில் குண்டு புதைத்தார்கள். ஆப்கானிஸ்தானில் 41 அவுஸ்திரேலியப் படையினர் இறந்தார்கள். அவர்களுக்கும் அம்மம்மாக்கள் இருந்திருப்பார்கள். மண்சுவர் வீடுகளுக்குள் உண்மையாகவே வெடிமருந்து ஒளித்தும் இருந்திருக்கும். எங்கள் ஊரிலும் கோடிப்புறத்தில் புதைத்த பெட்டிகள் இருந்தன, இயக்கப் பெடியன்கள் கேட்டால் இல்லை என்று சொல்ல ஒருவருக்கும் துணிவு இருந்ததில்லை. ஆகவே, தேடவே கூடாது என்று நான் உங்களோடு வாதாட வரவில்லை.

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். என் ஷிப்டில் உருஸ்கானில் பிறந்த ஒரு பெண் இருக்கிறாள். அவள் ஹசாரா இனத்தவள்; அந்த மாகாணத்துப் பஷ்தூன் இனத்தவர்களுக்கும் அவளுடைய ஆட்களுக்கும் நெடுநாள் பகை. அறிக்கை வந்த வாரம் அவளிடம் கேட்டேன், உங்கள் பக்கத்தில் அவுஸ்திரேலியர்கள் எப்படி என்று. பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "யார் அவுஸ்திரேலியர், யார் அமெரிக்கர் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? வந்தவர்கள் எல்லோரும் அமெரிக்கர்தான்."

பல நாட்டுப் படை என்றால் இதுதான். உருஸ்கானுக்கு 2006 முதல் 2010 வரை நெதர்லாந்து பொறுப்பு. பிறகு அமெரிக்கர், அவர்களுக்குக் கீழே உங்கள் ஆட்கள், சிங்கப்பூர்க்காரர், சுலோவாக்கியர். ஆள் ஒரு நாடு, ஹெலிகொப்டர் இன்னொரு நாடு, கூடவே ஓர் ஆப்கான் பொலிஸ் அணி. வீட்டுக்காரர் யாரிடம் போய் முறையிடுவது? எங்கள் ஊரில் குறைந்தபட்சம் எந்த முகாமுக்குப் போய் அழுவது என்றாவது தெரிந்திருந்தது.

தர்வான் கிராமத்தை எடுங்கள். 2012 ஓகஸ்டில் மூன்று அவுஸ்திரேலியப் படையினரைச் சுட்டுக்கொன்றுவிட்டுத் தப்பிய ஓர் ஆப்கான் சிப்பாயைத் தேடி, செப்டெம்பர் 11 அன்று அங்கே போனார்கள். அந்த ஆள் அகப்படவில்லை. கைகள் கட்டப்பட்ட ஒரு விவசாயியை மேட்டிலிருந்து உதைத்துத் தள்ளியதும், பிறகு அவர் சுட்டுக் கொல்லப்பட்டதும் உண்மை என்று பெடரல் நீதிமன்றம் 2023 ஜூனில் ஏற்றுக்கொண்டது. அது, தன்மேல் இந்தக் குற்றங்களைச் சுமத்திய பத்திரிகைகள்மேல் ஒரு முன்னாள் படையினர் போட்ட அவதூறு வழக்கு. குற்றவியல் வழக்குக்கு வேண்டிய அளவு நிரூபணம் அதற்குத் தேவையில்லை. 2025 மேயில் மேல்முறையீடும் தள்ளுபடியானது. அந்த உடலின் படத்தில் பக்கத்தில் ஒரு வானொலிக் கருவி கிடக்கிறது. வானொலி என்று வாசித்தபோது எனக்குச் மாமாவின் டைனமோ வயர்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

அந்த வழக்கில் இன்னொன்றும் நடந்தது. 2021-ல், காபூல் தலிபான் கைக்குப் போவதற்குச் சற்று முன்னர், தர்வான் கிராமத்தவர்கள் காபூலில் இருந்து வீடியோ மூலம் சிட்னி நீதிமன்றத்துக்குச் சாட்சி சொன்னார்கள். அந்தப் பத்திரிகைகளின் வழக்கறிஞர்களால் அவர்களைத் தேடிப் பிடித்து, காபூலுக்கு வரவழைத்து, மொழிபெயர்ப்பாளரையும் பக்கத்தில் இருத்த முடிந்தது. ஆகவே, குடும்பங்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். போர் நடந்த காலத்தில், படை நடவடிக்கையில் சேதம் வந்தால் கையோடு காசு கொடுக்கிற ஏற்பாடு உங்கள் படைக்கு இருந்தது. அப்போது முகவரி தெரிந்திருந்தது.

குற்றவியல் வழக்குகள் முடியும்வரை காத்திருக்காமல் குடும்பங்களுக்கு நட்டஈடு கொடுங்கள், அதுதான் செய்யவேண்டிய நியாயம் என்று 2020-லேயே பிரெரெட்டன் பரிந்துரைத்தார். அதற்கான விதிமுறைகளை எழுதவே 2024 வரை எடுத்தது. ஆனால் எங்கள் அரசுக்கு விரைவாக வேலை செய்யத் தெரியாது என்று சொல்லமுடியாது. சிறப்புப் படை அணிக்குக் கொடுத்த கௌரவத்தை மீளப்பெறவேண்டும் என்ற பரிந்துரையை உங்களுக்கு முந்திய அரசின் அமைச்சர் 2021 ஏப்ரலில், ஐந்தே மாதத்தில், நிராகரித்துவிட்டார். வீரர்களின் மானத்துக்கு ஐந்து மாதம்.

இந்த விவகாரத்தில் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போன முதல் ஆள், ஆவணங்களை ஊடகத்துக்குக் கொடுத்த இராணுவச் சட்டத்தரணி. 2024 மேயில் ஐந்து வருடம் எட்டு மாதம். இதைப் பற்றி எழுதத் தொடங்கினால் மடல் நீண்டுவிடும்.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

அந்த 39 பேரின் குடும்பங்களுக்கு நட்டஈடு போய்ச் சேரவேண்டிய கடைசித் திகதி ஒன்றை நாடாளுமன்றத்தில் அறிவியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருதரம், எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்ற எண்ணிக்கையைச் சொல்லுங்கள். பெயர்கள் வேண்டாம், தலிபான் ஆட்சியில் அந்தப் பெயர்கள் வெளியே வருவது அவர்களுக்கு ஆபத்தாக முடியலாம். எண்ணிக்கை போதும். காபூலில் உங்களுக்குத் தூதரகம் இல்லை என்று தெரியும். அங்கே வேலை செய்கிற உதவி அமைப்புகள் இருக்கின்றன, அவர்களோடு கதையுங்கள்.

பணத்துக்கு முன்னால் ஒரு கடிதம் போகவேண்டும். அந்தக் குடும்பம் பேசுகிற மொழியில், உங்கள் கையெழுத்தோடு. இன்ன நாள் இன்ன இடத்தில் கொல்லப்பட்ட இன்னார் சண்டையில் சாகவில்லை, அவர் பக்கத்தில் இருந்த ஆயுதம் அவருடையது அல்ல என்று எங்கெல்லாம் பிரெரெட்டனுக்கு நம்பத்தகுந்த தகவல் கிடைத்ததோ, அங்கெல்லாம் அதை அப்படியே எழுதுங்கள். கூடவே உங்கள் படைப் பதிவேடுகளையும் திருத்துங்கள். எதிரி கொல்லப்பட்டார், ஆயுதம் கைப்பற்றப்பட்டது என்று எழுதியிருக்கிற வரிக்குப் பக்கத்தில், இது பொய் என்று யாராவது ஒருவர் கைப்பட எழுதவேண்டும். குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் ஆறுதலாக முடிவு செய்யட்டும். செத்தவர் யார் என்பதைச் சொல்ல நீதிமன்றம் தேவையில்லை.

நாளைக்கு இன்னொரு நாட்டில் இன்னொரு கூட்டுப்படையோடு நீங்கள் போவீர்கள். போகமாட்டோம் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். போனால், தேடிய ஒவ்வொரு வீட்டிலும் ஒரு துண்டுக் கடதாசி விட்டுவிட்டு வரவேண்டும் என்று கட்டளையிடுங்கள். அந்த ஊர் மொழியில், எந்த நாட்டுப் படை, எந்த நாள், யாரைக் கொண்டுபோனோம், என்ன எடுத்தோம், எங்கே போய்க் கேட்கலாம். எங்கள் வீட்டில் தேடியவர்கள் அப்படி ஒரு துண்டு தந்திருந்தால், அதில் வயர் ஒரு முழம் என்றுதான் எழுதியிருப்பார்கள். ஐந்தாம் நாள் அது கைக்குண்டாக மாறியிருக்காது.

கடைசியாக ஒன்று. நட்டஈட்டைக் கொடுக்கும்போது அதற்குக் கணக்குக் காட்டவேண்டி வரும், உங்கள் அதிகாரிகள் ஒரு படிவம் கொண்டுபோவார்கள். அதில் இத்தோடு எல்லாம் தீர்ந்தது, இனி வழக்கு இல்லை என்று ஒரு வரி இருக்கும். கீழே புள்ளிக்கோடும் இருக்கும். அந்த வீட்டிலும் ஒரு கிழவி இருப்பாள், எழுத்துக்கூட்டி வாசிக்கிற ஒரு பிள்ளை பக்கத்தில் நிற்கும். பணத்தைக் கொடுங்கள், கடிதத்தைக் கொடுங்கள். அவளிடம் கையெழுத்து வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓர் அவுஸ்திரேலியக் குடிமகள்,
மெல்பேர்ன்